போலீஸ் கிராப்

எங்கள் வீட்டு ரோஜா பூத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் நான் மாடி வீட்டுக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். செடி நிற்பது என் மண்ணில். குடிப்பது என் குழாய்த் தண்ணீரும் என் மனைவி சேர்த்து வைக்கும் அரிசி கழுவிய தண்ணீரும். பூப்பது மட்டும் முதல் மாடியில். ஜன்னல் சன்ஷேடைப் பிடித்து மேலேறி, வாடகைக்கு இருப்பவர்களின் பால்கனிக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் போய்த் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே எனக்கு மிஞ்சுவது முள்ளும், பழுத்து உதிரும் இலையும், கட்டைவிரல் தடிமனில் ஒரு சாம்பல் நிறத் தண்டும்தான்.

"அண்ணா, இன்னைக்கு ரெண்டு பூங்க" என்று மாடியிலிருந்து குரல் வரும். நான் அண்ணாந்து பார்த்து, "அப்படிங்களா, சந்தோஷம்" என்பேன்.

கோயம்புத்தூர் வடவள்ளியில் வீடு. முன்பக்கம் ஆறடி அகலத்துக்கு மண் விட்டுக் கட்டினோம். அதில் ஆறு ரோஜாச் செடிகள். இரண்டு எட்வர்ட், மூன்று பன்னீர் ரோஜா, ஒட்டுக் கட்டிய சிவப்பு ரோஜா ஒன்று. ஆறையும் நட்டது நான். எட்டு வருஷமாக ஒன்றைக்கூட வெட்டாததும் நான்தான். யாராவது கேட்டால், "உயிர் இல்லையாங்க அதுக்கு?" என்று சொல்லிவிடுவேன். ஜீவகாருண்யம் என்று கேட்டவர் நினைத்துக்கொள்வார். உண்மையான காரணம் பயம். எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, வெட்டினபின் செத்துவிட்டால் வீட்டில் என்ன பதில் சொல்வது? முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்கு, முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்பது ரத்தத்தில் ஊறியது. ஆறு செடிகளையும் ஆறு கோப்புகளாகப் பாவித்து நிலுவையில் வைத்திருந்தேன்.

கோப்பு அசைந்தது ஊட்டியில். ஒரு பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு போனோம். படகு வேண்டாம், குதிரை வேண்டாம், முதலில் ரோஜாப் பூங்காதான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பஸ் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போதே குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தாயிற்று: ஊட்டி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டு நினைவாக 1995-இல் விஜயநகரம் பகுதியில் தொடங்கிய பூங்கா. ஆயிரக்கணக்கான ரகங்கள். 2006-இல் ஜப்பானின் ஒசாகாவில் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்குச் சிறந்த தோட்டம் என்று விருது கொடுத்தது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, பின் சீட்டில் இருந்தவர்கூடக் காது கொடுத்துக் கேட்டார்.

டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் பாத்திகள். பாத்தி நிறையக் குச்சிகள். ஒரு பூ இல்லை. ரகத்தின் பெயர் எழுதின பலகைகள் மட்டும் அழகாக நட்டு வைத்திருந்தார்கள்; குச்சிக்குக் குச்சி ஒரு பட்டப்பெயர்.

"அப்பா, ரோஜா எங்க?" என்றாள் மகள்.

பாத்தியில் ஒருவர் கவாத்துக் கத்தரியோடு குனிந்திருந்தார். கை போகிற வேகத்தில், வெட்டும் இடத்தை அவர் பார்க்கிறாரா என்றே எனக்குச் சந்தேகம். "எதுக்குங்க இப்படி ஒட்ட வெட்டறீங்க?" என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை. "மே மாசம் வாங்க சார்" என்றார்.

கோடை சீசனுக்குப் பூ வேண்டுமென்றால் அந்தக் குளிரில் ஜனவரியிலேயே வெட்டினால்தான் கணக்கு சரியாக வருமாம். என் மனைவி குச்சிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, இங்க வெட்டினதால பூ இல்ல. நம்மூட்டுல வெட்டாததால பூ இல்ல. உங்களுக்குன்னு எப்படித்தான் அமையுதோ!" என்றாள். அந்தப் பயணத்தில் நாங்கள் கண்ட ஒரே ரோஜா, திரும்பி வரும்போது பஸ் டிரைவர் சாமி படத்துக்குச் சாத்தியிருந்தது.

ஊர் திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன். வெட்டப் பயந்தவன் செய்யக்கூடிய காரியம் அது ஒன்றுதானே. ஓராண்டு படித்தேன். கிடைத்ததெல்லாம் முதலில் சீமைக்காரர்கள் எழுதினது. போர்சித்தியா பூக்கும்போது ரோஜாவை வெட்டு என்றது ஒரு புத்தகம். போர்சித்தியா என்பது குளிர்நாட்டில் பனி விலகும் காலத்தில் மஞ்சளாகப் பூக்கும் ஒரு புதர். வடவள்ளியில் அது பூக்கக் காத்திருந்தால் என் பேரன்தான் கத்தரியை எடுக்க வேண்டியிருக்கும். அங்கே செடி குளிர்காலம் முழுக்க இலை உதிர்த்துத் தூங்குகிறது. விழிக்கப்போகிற நேரம் பார்த்து, மார்ச் வாக்கில் வெட்டுகிறார்கள். நம் ஊர்ச் செடிக்குத் தூக்கமே இல்லை; சித்திரை வெயிலிலும் ஒரு தளிரை நீட்டிக்கொண்டுதான் இருக்கும். மார்ச்சில் போய் நாம் வெட்டினால் புதுத் தளிர் நேரே அக்கினி நட்சத்திரத்தின் வாயில் விழும்.

நம் சமவெளிக்கு எது காலம்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது எங்கள் மருதமலை ரோட்டிலேயே. எட்டு வருஷமாக அதன் வாசலைத் தாண்டித்தான் ஆபீஸ் போய் வந்தேன் என்பதை இங்கே பதிவு செய்யக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் அரசு ஊழியனுக்கு மூன்று மாத அவகாசம் கொடுக்கலாமா? அக்டோபரில் மழை. மழையில் வெட்டினால் வெட்டு வாயில் ஈரம் தங்கி, பூஞ்சணம் புகுந்து, தண்டு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்கும். நுனிக்கருகல் என்று அதற்குப் பெயர். ரோஜாவுக்கு அது பெரிய சத்துரு. ஆகவே நிலுவை. நவம்பரில் மழை விட்டு விட்டுப் பெய்தது. விட்ட நாட்களை அம்மா எடுத்துக்கொண்டார். "செவ்வா, வெள்ளியில கத்தி வைக்காத கண்ணு. நாளைக்கு அமாவாசை. நாளன்னைக்கு எங்கம்மா திதி. அப்பறம் கிருத்திகை வேற வருது." மீதி வந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் முதன்முதலாக நான் செடியை நெருங்கினேன்.

வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கணுவுக்கு எதிர்ப்பக்கமாகச் சரியும்படி, 45 டிகிரி சாய்வில் வெட்ட வேண்டும். வெளிப்பக்கம் பார்த்த கணு என்றால் தளிர் வெளியே போகும், செடியின் நடுவில் காற்றும் வெளிச்சமும் நுழையும். சாய்வு எதற்கென்றால், தண்ணீர் மொட்டின் தலையில் தேங்காமல் வழிய. எல்லாம் நியாயம்தான். மகனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்துக்கொண்டேன். கவாத்துக் கத்தரி வாங்கியிருக்கவில்லை. தையல் மெஷின் மேலிருந்த கத்தரி கண்ணில் பட்டது.

பாகைமானியை முள் தண்டில் பொருத்திப் பார்த்தவர்கள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். இடது கை பாகைமானியைப் பிடிக்க, வலது கை கத்தரியைப் பிடிக்க, தண்டைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். அதற்கு மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு ஒரு முள், எனக்கு நாலு. இதில் எந்தக் கணு வெளிப்பக்கம் பார்க்கிறது என்பது பெரிய தத்துவ விசாரம். நான் நின்ற இடத்திலிருந்து எல்லாக் கணுவும் என்னைத்தான் பார்த்தது. முக்கால் மணி நேரத்தில் ஒரே ஒரு வெட்டு விழுந்தது. அதுவும் வெட்டு என்று சொல்ல முடியாது, மென்றது என்று வேண்டுமானால் சொல்லலாம். இப்படி நசுங்கின தண்டில்தான் நோய் முதலில் நுழையும் என்று பிறகு படித்தேன். மகள் பரிதாபப்பட்டு அதன் நுனிக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் பூசிவிட்டாள். செடி அப்படியே ஒன்பதடி உயரத்தில் நின்றது, ஒரு விரலுக்கு மட்டும் அலங்காரம் செய்துகொண்டு.

மாலையில் மனைவி ரவிக்கைத் துணி வெட்டக் கத்தரியை எடுத்தாள். அதன் பிறகு நடந்ததை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. மறுநாள் ஹார்டுவேர் கடையில் நல்ல கவாத்துக் கத்தரி ஒன்று வாங்கினேன். அதை எண்ணெய் போட்டுத் துடைத்து, பெட்டியிலேயே பத்திரமாக வைத்தேன்.

டிசம்பர் முதல் வாரம் பெருந்துறையிலிருந்து மாமனார் வந்தார். ஆயுதப்படையில் இருந்து ஹெட் கான்ஸ்டபிளாக ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயதிலும் முதுகு சுவரில் சாத்தின உலக்கை மாதிரி நேராக இருக்கும். காபியைக் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சுவாக்கில், "இந்த வாரம் கவாத்து பண்ணலாம்னு இருக்கறேனுங்க மாமா" என்றேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "நல்லதுங்க மாப்ள. ஆனா எடுத்த எடுப்புல வேண்டாம். முதல்ல காலைல நடங்க."

நம் பாஷையில் படைக்குக் கொடுக்கிற பயிற்சிக்கும் கவாத்து என்றுதான் பெயர், கிளை கழிப்பதற்கும் அதே பெயர்தான். உருதுக்காரர்கள் விட்டுப்போன சொல். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. மாமனார் விளக்கினார், வாயால் அல்ல. செடிக்குத்தான் என்று தெரிந்ததும் காபியை வைத்துவிட்டு எழுந்தார். பெட்டியிலிருந்த கத்தரி முதன்முதலாக வெளியே வந்தது. ஒரு துணியில் டெட்டாலை நனைத்து அலகைத் துடைத்தார். ஒரு செடியின் சீக்கு அடுத்த செடிக்கு ஏறக்கூடாதாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நின்றபோது, ஆறு செடிகளும் கொஞ்சம் விறைத்துக்கொண்டதாகவே எனக்குப் பட்டது.

"முதல்ல செத்தது. அப்பறம் சீக்கு. அப்பறம் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு நிக்கறது. இந்த மூணும் விசாரணையே இல்லாம வெளிய" என்றார். நான் ஓராண்டு படித்த புத்தகங்களின் முதல் அத்தியாயம் இதுதான். "நடுவுல கூட்டம் சேரக்கூடாதுங்க மாப்ள. நூத்தி நாப்பத்தி நாலு போட்டுரோணும். காத்து போகோணும், வெய்யில் படோணும்." பழுத்துச் சாம்பலடித்த கிழட்டுத் தண்டுகளில் இரண்டை அடியோடு எடுத்தார். மீதியை முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாக நறுக்கிக்கொண்டே போனார். டக், டக், டக். பாகைமானியை நீட்டிய என்னை அவர் பார்த்த பார்வையில், ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வந்தவனே குற்றவாளி என்று தெரிந்துவிட்டது போல ஒரு தீர்மானம் இருந்தது.

"போலீஸ் கிராப்புங்க மாப்ள. நாப்பது வருஷமா எனக்கு இதுதான். முடி கொட்டியிருக்குதா பாருங்க." கொட்டவில்லை.

சிவப்பு ரோஜா முன்னால் வந்ததும் நின்றார். நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்த செடி அது. மூன்று வருஷமாகப் பூக்கவில்லை; ஆனால் என்ன வளர்ச்சி! சாட்டை சாட்டையாக இளம்பச்சைக் கிளைகள். எரு போட்டால் அதற்குத்தான் முதல் பங்கு. மாமனார் குனிந்து அடி மண்ணை விரலால் விலக்கினார். ஒட்டுக் கட்டின முடிச்சு தெரிந்தது. முடிச்சுக்கு மேலே கறுத்து மக்கின ஒரு கட்டை. அத்தனை கிளையும் முடிச்சுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பினவை.

"மாப்ள, இது ஆள் மாறாட்டம்" என்றார் நிதானமாக.

நான் வாங்கின சிவப்பு ரோஜா எப்போதோ காலமாகியிருந்தது. அதைத் தாங்கப் போட்ட காட்டு ரோஜாதான் அதன் பெயரில் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒட்டுக்குக் கீழே வரும் போத்தை அது கிளம்பும்போதே வேர்ப்பக்கமாகப் பிடித்து இழுத்து எடுத்துவிட வேண்டும். மேலாக வெட்டினால் ஒன்றுக்கு நாலாக வரும். நான் எடுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை, வேப்பம் புண்ணாக்கு வைத்தேன். மாமனார் கடப்பாரை கேட்டார். ஆசாமி வெளியேற்றப்பட்டார்.

கடைசிச் செடி, சன்ஷேடு ஏறின எட்வர்ட். கத்தரி அதை நெருங்கியபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. மேலே மூன்று மொட்டு இருப்பதாகக் காலையில்தான் மாடியிலிருந்து தகவல் வந்திருந்தது. வாய் தானாகவே சொன்னது: "அது மாடி வீட்டுக்காரங்க செடிங்க மாமா."

மாமனார் கையை எடுத்துவிட்டார். பிறத்தியார் சொத்தில் வாரண்ட் இல்லாமல் கை வைக்காதவர். மேலே பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் ஒரு நொடி எட்டிப் பார்த்தது போலிருந்தது.

வெட்டு வாயெல்லாம் ஆறட்டும் என்று அம்மா மஞ்சளும் சாணியும் குழைத்து எடுத்து வந்தார். நான் உரக்கடையில் சொன்னபடி மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசையைத்தான் தடவ வேண்டும் என்றேன். படித்தவன் என்று நிரூபிக்க எனக்கு மிச்சமிருந்த ஒரே இடம் அது. பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சைக் கொடிகளில், போகிற வருகிறவர்கள் பழத்தைத் திருடித் தின்னாமல் இருக்க இந்த நீலக் கலவையைத் தெளித்து வைத்தார்களாம். அந்தக் கொடிகளை மட்டும் நோய் தாக்காததைக் கவனித்த மில்லார்தே என்ற தாவரவியலார், 1885 வாக்கில் அதையே மருந்தாக்கினார். மாமனார் அன்று நான் சொன்னதில் காது கொடுத்துக் கேட்டது இதை மட்டும்தான். "திருட்டுக்கு வெச்ச மருந்து சீக்குக்குக் கேட்டுதுங்களா!" என்று ரசித்து, தானே பிரஷை வாங்கிக் குச்சிக்குக் குச்சி நீலத் தொப்பி வைத்தார். சாணி கிண்ணத்தோடு உள்ளே போன அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

மாமனார் ஊருக்குப் போனபின் வந்த பத்து நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். வாசலில் நாலு நீலத்தலைக் குச்சிகள், ஒரு குழி. பால்காரர் கேட்டார், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கேட்டார். "கவாத்துங்க" என்றேன். "ஓஹோ, செத்துப்போச்சுங்களா" என்றார்கள்.

பதினோராவது நாள் பன்னீர் ரோஜாவின் கணுவில் ஒரு சிவப்புப் புள்ளி. மூன்றாம் நாள் அது தளிர். அப்புறம் ஒவ்வொரு கணுவும். இதற்குக் காரணத்தை ஏற்கெனவே படித்திருந்தேன், அன்றுதான் புரிந்தது. கிளையின் நுனி மொட்டு ஆக்சின் என்ற ஒரு சமாசாரத்தைச் சுரந்து கீழே அனுப்புகிறது. அது இருக்கும்வரை கீழ் மொட்டுகள் தலை தூக்க முடியாது. நுனியை எடுத்துவிட்டால் கீழே இருப்பவை எழும். எங்கள் ஆபீசில் ஒரு சூப்பிரண்டெண்ட் பதினாலு வருஷம் அதே நாற்காலியில் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற மாதம் கீழே நாலு பேருக்குப் பதவி உயர்வு வந்தது. அந்த நாலு பேரில் நானும் ஒருவன். இருந்தும் ஒரு ரோஜாச் செடிக்கு அந்த நியாயத்தைச் செய்ய எனக்கு எட்டு வருஷம் ஆயிற்று. ரோஜா புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். பழைய தண்டை நான் எவ்வளவு நேசித்தாலும் அது எனக்காகப் பூக்கப்போவதில்லை.

கவாத்து முடிந்து ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில் பூ என்பது கணக்கு. தை பிறந்து ஒரு வாரத்தில் எட்வர்டும் பன்னீரும் சேர்ந்துகொண்டன. இடுப்பு உயரத்தில், குனிந்து முகர்கிற தூரத்தில், எண்ணி முடிக்க முடியாத பூ. மனைவி தினமும் தலைக்கு வைத்து, சாமிக்கு வைத்து, மீதியைக் குல்கந்து போடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு. ஊட்டியில் குச்சி நிற்கும் அதே வாரம்.

இரண்டு விஷயங்களை நான் வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. 1990-களில் இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில், ராயல் நேஷனல் ரோஸ் சொசைட்டியின் தோட்டத்தில் ஒரு சோதனை நடந்தது. சில பாத்திகளைக் கணு பார்த்துச் சாய்வு பார்த்து முறைப்படி வெட்டினார்கள். சிலவற்றை வேலி கத்தரிக்கும் மெஷினால் கண்ணை மூடிக்கொண்டு மட்டமாகச் சீவினார்கள். சீவின செடிகள் பூப்பதில் கொஞ்சமும் குறைவைக்கவில்லை. இது ஒன்று. எட்வர்ட் என்பது ஏதோ ராஜாவின் பெயர் என்று நான் நினைத்து மரியாதை கொடுத்திருந்தேனே, அது இந்தியப் பெருங்கடலில், அன்று பூர்போன் என்று அழைக்கப்பட்ட ரீயூனியன் தீவிலிருந்து வந்த செடி. அந்தத் தீவுக்காரர்கள் ரோஜாவை நட்டதே தோட்டத்துக்கு வேலியாக. வேலி வம்சத்துச் செடிக்குத்தான் நான் பாகைமானி பிடித்திருக்கிறேன். இது இரண்டு. இவை மாமனார் காதுக்குப் போனால் அடுத்த டிசம்பரில் என்னை யாராலும் காப்பாற்ற முடியாது.

சன்ஷேடு ஏறின செடியில் அதே தையில் பூத்தது மூன்று. ஒரு நாள் காலை மாடி வீட்டு அம்மாள் மூன்றையும் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாள் எத்தனை பூ என்று தகவல்தான் வரும், பூவைத் தொட்டதில்லை. நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் சிரித்தார்.

"அண்ணா, அடுத்த தடவ உங்க மாமா வந்தா சொல்லுங்க. எங்க செடிக்கும் ஒரு கவாத்து பண்ணிக் குடுக்கட்டும்."

பக்கத்தில் நின்ற என் மனைவி, "எங்க செடியா?" என்று என்னைப் பார்த்தாள். கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவும் தலையைத் தூக்கினார். நான் குழாயை மூடாமல் நின்றேன். மாமனார் முன்னிலையில் கொடுத்த வாக்குமூலம். மாற்றிச் சொல்ல வழியில்லை.

செடி இப்போது மாடி வீட்டுக்காரர்களுடையது. தண்ணீர் மட்டும் நான் ஊற்றுகிறேன்.